காடு வெட்டியவனின் மகள்

பட்டினப்பாலை கரிகாலனின் பெருமைகளை அடுக்கும்போது, காட்டை அழித்து நாடாக்கிய செயலையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. மரத்தை வீழ்த்திய கோடரி எந்தக் கையில் இருந்தது, அக்கைக்குரியவனின் வீட்டில் அன்று என்ன உலை கொதித்தது என்பன அப்பாட்டின் பொருள் அல்ல. அரசனைப் பாட வந்த புலவரிடம் அதனை எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆனால், மக்களைப் பாட வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் இலக்கியமும் இவ்விடயத்தில் அப்புலவரின் வழியிலேயே நிற்குமானால் அது கேள்விக்குரியது. குடியேற்றம் என்றதும் அணைக்கட்டும் அமைச்சரும் ஏக்கர்க் கணக்கும் நம் நினைவில் எழுகின்றன. சற்றே முற்போக்கான நெஞ்சினருக்குக் காடு வெட்டிய உழவன் நினைவுக்கு வருகிறான். அவனுடைய மகள் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அவளைப் பற்றியும், அவளை மறந்த எழுத்தைப் பற்றியும் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக நீள்வது எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என மக்கள் இட்ட பெயர்கள் இவை. அதிகாரமும் பள்ளிக்கூடமும் அச்சகமும் எழுவான்கரையில் வளர்ந்தன. நெல் படுவான்கரையில் விளைந்தது. அப்படுவான்கரையில் வவுணதீவு, ஆயித்தியமலை ஆகியவற்றைக் கடந்து உள்ளே செல்பவர் உன்னிச்சையை அடைவர். உறுகாமம், வாகனேரி, நவகிரி ஆகியவற்றோடு ஒருங்கு எண்ணப்படும் பெருங்குளம் அங்கு உண்டு. மாரி மிகும் நாட்களில் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன என்று செய்தி ஏடுகள் எழுதும். பெரும்பாலும் அப்பொழுதுதான் வெளியுலகின் காதில் அப்பெயர் விழுகிறது. இன்று மட்டக்களப்பு நகரத்தின் குழாய்களில் வரும் நீர் அக்குளத்து நீர் என்பதை, அந்நீரைப் பருகுவோரிலும் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறார்கள்?

குளத்தை நம்பிக் காட்டோரத்தில் குடியேறிய குடும்பத்தின் வாழ்வு எத்தகையது என்பதைப் படுவான்கரையில் ஒரு பருவம் தங்கியவர் அறிவர். ஆடவர் மரம் வெட்டித் தீயிட்டால், அடிக்கட்டைகளுக்கு இடையே சோளமும் இறுங்கும் குரக்கனும் ஊன்றுபவள் பெண். வயலில் விதைப்பு முடிந்தபின் களை பிடுங்குபவளும், கதிர் முற்றும் காலத்தில் குருவி விரட்டுபவளும் அவளே. இரவில் பரண்மீது தந்தை யானைக்குக் காவல் இருக்கும்போது, குடிசையில் தம்பி தங்கையரை அணைத்துக்கொண்டு விழித்திருப்பவளும் அவளே. பள்ளிக்கூடம் தொலைவில் இருந்தால் முதலில் நிறுத்தப்படும் படிப்பு அவளுடையது. இவ்வளவும் ‘உதவி’ என்றே வீட்டில் சொல்லப்படும். தந்தை செய்வது வேளாண்மை. மகள் செய்வது உதவி. ஒரே நிலத்தில், ஒரே வெயிலில் செய்த ஒரே தொழிலுக்கு இரண்டு பெயர்கள் இருப்பதிலிருந்தே நமது விமர்சனம் தொடங்க வேண்டும்.

காடு வெட்டியவனின் மகள் தானே எழுத வந்தால் என்ன நிகழும் என்பதற்கு உலக இலக்கியத்தில் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அமெரிக்க எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டர் 1867இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை சார்ல்ஸ் இங்கல்ஸ் குடும்பத்தை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு கன்சாஸ், மினசோட்டா, டகோட்டா என நிலம் தேடி அலைந்தவர். பதினாறு வயதளவில் பள்ளி ஆசிரியையாகி, பின்னர் உழவர் ஒருவரை மணந்து, கடனிலும் நோயிலும் உழன்ற லாரா, தம் 65ஆவது வயதில், 1932இல், முதல் நூலை வெளியிட்டார். 1935இல் வெளிவந்த ‘புல்வெளியில் ஒரு சிறு வீடு’ என்னும் நூல் அவரை உலகறியச் செய்தது. 1957இல் அவர் மறைந்தார்.

இந்நூல்களின் சிறப்பு எதில் இருக்கிறது? பெருவீரர்களின் கதையை அவர் எழுதவில்லை. கதவுக்கு மர ஆணி அடிப்பது எப்படி, கிணறு தோண்டும்போது நச்சுக் காற்றை அறிவது எப்படி, வெண்ணெய் கடைவது எப்படி என்று ஒவ்வொரு தொழிலையும் அதன் ஒழுங்கு குன்றாமல் எழுதினார். உழைப்பு அங்கே அலங்காரமாக வரவில்லை. அதுவே கதையின் எலும்புக்கூடு. கன்சாஸ் வெளியில் குடும்பம் முழுவதும் குளிர்காய்ச்சலில் விழுந்து கிடந்ததை அவர் எழுதும் பகுதியைப் படிக்கும் படுவான்கரை வாசகருக்கு அது அந்நிய நாட்டுக் கதையாகத் தோன்றாது. அது மலேரியாக் காய்ச்சல். இலங்கையின் உலர்வலயக் காடுகளைப் பெருந்தொகையான குடியேறிகளுக்குத் திறந்துவிட்டதும், 1940களின் பிற்பகுதியில் டி.டி.டி. தெளித்து அதே மலேரியாவை அடக்கியதுதான். இங்கல்ஸ் குடும்பத்தைக் காப்பாற்றியவர் டாக்டர் டான் என்னும் கறுப்பின மருத்துவர். லாரா அவரை மறக்காமல் எழுதினார் என்பதும் குறிக்கத்தக்கது.

ஆயினும், நூலின் ஒளியைப் போலவே அதன் இருளும் நமக்குப் பாடமாகும்.

முதல் இருள் அரசைப் பற்றியது. தனிமனிதன் யாருடைய உதவியும் இன்றித் தன் கையால் வாழ்வை அமைத்துக்கொண்டான் என்பதே இந்நூல்கள் பரப்பிய கருத்து. வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. 1862ஆம் ஆண்டின் குடியிருப்பு நிலச் சட்டம் ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தவருக்கு 160 ஏக்கரை இலவசமாக அளித்தது. டகோட்டாவில் சார்ல்ஸ் இங்கல்ஸ் பெற்ற நிலம் அச்சட்டத்தின் கொடை. பார்வை இழந்த மூத்த மகள் மேரியின் கல்லூரிச் செலவை அவ்வாட்சிப் பிரதேசத்தின் அரசு ஏற்றது. நூல்களிலோ குடும்பம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணமே அவளைப் படிக்க வைக்கிறது. கையெழுத்துப் படிகளைத் திருத்தி உருவாக்கியதில் லாராவின் மகள் ரோஸுக்குப் பெரும் பங்கு இருந்தது. பொதுநல அரசையே வெறுத்தவர் அவர். கரோலின் ஃபிரேசர் 2017இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு இவற்றையெல்லாம் விரித்துரைத்து, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது.

இரண்டாவது இருள் இன்னும் கொடியது. கன்சாஸில் இங்கல்ஸ் குடும்பம் வீடு கட்டிய நிலம் ஓசேஜ் என்னும் பழங்குடி மக்களுடையது. சட்டப்படியும் அது அப்பொழுது அவர்களுடையதே. இந்தியர் எனப்பட்ட அம்மக்கள் மட்டுமே வாழ்ந்த வெளியை, மாந்தரே இல்லாத வெளி என்னும் பொருள்பட நூலின் தொடக்கம் வருணித்திருந்தது. பதினேழு ஆண்டுகள் அவ்வாக்கியத்தைக் குழந்தைகள் படித்தார்கள். 1952இல் ஒரு வாசகர் பதிப்பகத்துக்கு எழுதிய பின்னரே, அடுத்த ஆண்டு ஒரு சொல் மாற்றப்பட்டது. மாந்தர் இல்லை என்பது குடியேறிகள் இல்லை என்றானது. 2018இல் அமெரிக்க நூலகர்கள், லாராவின் பெயரால் வழங்கிவந்த சிறுவர் இலக்கிய விருதிலிருந்து அவர் பெயரை நீக்கினார்கள். ஓசேஜ் மக்களோ 1870களின் தொடக்கத்திலேயே அந்நிலத்தை விட்டு இன்றைய ஒக்லஹோமாவுக்குப் பெயர்க்கப்பட்டுவிட்டார்கள். ஒரு சொல் திருந்துவதற்குள் ஒரு மக்களினம் நிலத்தை இழந்து எண்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்நூலிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று கேள்விகள். நிலத்தைத் தந்தது யார்? தந்த நிலம் யாருடைய பெயரில் நின்றது? அதற்கு முன் அங்கு இருந்தவர் யார்? இக்கேள்விகளோடு உன்னிச்சைக்குத் திரும்புவோம்.

இலங்கையில் குடியேற்றத்தின் சட்ட வித்து, 1927இல் அமைக்கப்பட்ட காணி ஆணைக்குழு. அதன் வழிவந்தது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திச் சட்டம். அச்சட்டத்தை வெறும் தீமையென்று தள்ளிவிடுவது வர்க்கக் கண்ணோட்டம் ஆகாது. மட்டக்களப்பின் பழைய வயல்கள் போடியார்களின் கையில் இருந்தன. போடியாரின் நிலத்தில் முல்லைக்காரனாகச் சேர்ந்து, பருவம் முழுவதும் வாடியில் கிடந்து, களவெட்டியில் சூடு மிதித்து, கடனைக் கழித்தபின் சில மூடை நெல்லோடு வீடு திரும்பிய உழவனுக்குத் தன் பெயரில் ஒரு துண்டு நிலம் என்பது விடுதலையின் வாசல். காட்டு யானைக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சாமல் அவன் உள்ளே சென்றதன் காரணம் அதுவே. நிலமற்றவன் நிலம் பெறுவதைப் பழிக்கும் முற்போக்கு ஒன்று இருக்க முடியாது.

ஆனால், அதே சட்டம் எவ்வாறு எழுதப்பட்டிருந்தது என்று பார்க்க வேண்டும். அனுமதிப்பத்திரம் குடும்பத் தலைவன் என்ற முறையில் பெரும்பாலும் ஆணின் பெயருக்கே வழங்கப்பட்டது. காணி துண்டாடப்படலாகாது என்பதால், ஒருவருக்குப் பின் ஒருவரே உரிமை பெறுவார். காணிக்காரர் தமக்குப் பின் உரியவரைப் பெயர் குறித்து நியமிக்கலாம், மகளையும் நியமிக்கலாம். நியமிக்காமல் இறந்தால், மனைவி தன் ஆயுட்காலம்வரை நிலத்தை வைத்திருக்கலாம். அதனை விற்கவோ வேறொருவருக்கு உரிமையாக்கவோ அவளுக்கு அதிகாரம் இல்லை. அவளுக்குப் பின் யார் என்பதைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வரிசைப்படுத்தியது: மகன்மார், அவர்கள் இல்லையெனில் மகள்மார், பேரன்மார், அவர்கள் இல்லையெனில் பேத்திமார், தந்தை, பிறகு தாய், சகோதரர், பிறகு சகோதரியர். ஒவ்வொரு படியிலும் ஆண் முன்னே, பெண் பின்னே. குருவி விரட்டிய மூத்த மகள் இருக்க, அவள் தோளில் தூங்கிய தம்பி காணிக்கு உரியவன் ஆனான்.

நாட்டின் எந்தப் பகுதியிலும் இது அநீதியே. மட்டக்களப்பிலோ அது அநீதியோடு ஒரு வரலாற்று முரணுமாகும். ஏனெனில், தாய்வழியைத் தன் சமுதாய அமைப்பின் அச்சாகக் கொண்ட நிலம் அது. தமிழராயினும் முஸ்லிம்களாயினும் அங்கு ஒருவர் என்ன குடி என்பது தாயின் குடியைக் கொண்டே அறியப்படும். ‘வயிற்றுவார்’ என்று மக்கள் அதனைச் சொல்வர். மணமானபின் ஆண் பெண்ணின் வீட்டுக்குச் செல்வான். வீடும் வளவும் மகளுக்கு உரியவை. முக்குவர் சட்டம் எனப்பட்ட பழைய வழக்கில் முதுசொம் பெண்வழியாகவே இறங்கியது. பிரித்தோ அவ்வழக்கைத் தொகுத்து அச்சிட்டது 1876இல். அதே ஆண்டில் குடியேற்ற நாட்டு அரசு இயற்றிய உரிமைவழிச் சட்டம் அதன் சட்டவலுவை முடித்துவைத்தது. சட்டம் போன பின்னும் வழக்கம் போகவில்லை. சீதனம் என்ற பெயரில் வீடும் வயலும் மகளுக்குச் சென்றுகொண்டிருந்தன.

தாய்வழிச் சமுதாயம் பெண்ணாட்சிச் சமுதாயம் அன்று என்பதையும் உடனே சொல்லியாக வேண்டும். பெண்வழி இறங்கிய சொத்தை ஆண்டவர் பெரும்பாலும் தாய்மாமனும் கணவனுமே. கோயில் வண்ணக்கரும் ஊர்த் தலைமையும் ஆடவரே. போடியார் வீட்டு மகளுக்குக் கிடைத்த சீதன வயல், முல்லைக்காரன் மகளுக்குக் கனவிலும் கிடைக்கவில்லை. ஆகவே, பழமையை மீட்பதற்காக நாம் வாதிடவில்லை. சுட்ட விரும்புவது ஒன்றே: மகளுக்கு நிலம் உரியது என்ற எண்ணம் எந்த மண்ணில் இயல்பாக இருந்ததோ, அந்த மண்ணுக்கு ‘முன்னேற்றம்’ என்ற பெயரில் வந்த சட்டம் அவளை மகனுக்குப் பின்னே நிறுத்தியது. நிலமற்றவனுக்கு நிலம் தந்த அதே கை, அவன் மகளிடமிருந்து நிலத்தைத் தள்ளி வைத்தது. அமெரிக்காவின் 1862ஆம் ஆண்டுச் சட்டம்கூட, மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் தம் பெயரில் நிலம் கோர இடமளித்திருந்தது என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்த வரிசை 2022இல்தான் திருத்தப்பட்டது. மகன், மகள் என்ற வேற்றுமையை அவ்வாண்டுத் திருத்தச் சட்டம் நீக்கியது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால், 1935க்கும் 2022க்கும் இடையே 87 ஆண்டுகள். மூன்று தலைமுறை மகள்கள் அதற்குள் வந்து போய்விட்டார்கள். 1978 கார்த்திகையில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியையும், 1990க்குப் பின் தொடர்ந்த போரையும், 2007இல் படுவான்கரை மக்கள் வாவியைக் கடந்து அகதிகளாகிய நாட்களையும் அக்குடும்பங்கள் கண்டன. ஆண்கள் கொல்லப்பட்டனர், காணாமற் போயினர். திரும்பி வந்த பெண், பற்றை மூடிய வயலின் முன் நின்று, தன் பெயர் இல்லாத பத்திரத்தையும் தொலைத்துவிட்ட நிலையில், இது என் காணி என்று அலுவலகத்தில் எதைக் காட்டி மெய்ப்பிப்பாள்? அவள் கையின் காய்ப்பைச் சான்றாக ஏற்கும் அலுவலகம் எங்கும் இல்லை.

மூன்றாவது கேள்வி நமக்குக் கசப்பானது. ஆகவே அதனைத் தவிர்க்கலாகாது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நமது பட்டிப்பளை ஆற்றை மறித்து எழுந்தது. அங்கு நடந்த குடியேற்றத்தின் இன நோக்கையும், 1956 ஜூனில் அங்கே சிந்திய தமிழ்க் குருதியையும் நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால், அத்திட்டத்தின் நீரில் வேடர் சமூகத்தின் வேட்டைக்காடுகளும் மூழ்கின என்பதை நம் எழுத்து எத்தனை முறை சொல்லியிருக்கிறது? கிழக்கின் கரையோர வேடர்கள் தமிழ் பேசுபவர்கள். ஆயினும் நம் கதைகளில் அவர்கள் காட்டின் ஒரு பகுதியாகவே வந்து போகிறார்கள். மற்றவன் குடியேற்றத்தில் பறிப்பைக் காணும் கண், தன் குடியேற்றத்தில் வெறும் காட்டை மட்டும் காணுமானால் அது நேர்மையான கண் ஆகாது. லாராவின் நூலில் ஒரு சொல் செய்த பிழையை நாமும் செய்ய வேண்டியதில்லை.

இனி, நம் இலக்கியம். வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வெளிவந்தது. அப்பகுதியின் வழக்கையும் வழிபாட்டையும் நாட்டார் பாடலையும் அன்போடு பதிந்த பெருநூல் அது. அத்தகைய பண்பாட்டு நூலில் ‘மட்டக்களப்பார்’ என்ற பொதுப்பெயர் கிடைக்கும். காட்டோரத்து ஒரு தனிமகளின் வாழ்வை அங்கே தேடுவது பொருந்தாது. அது நாவலின் வேலை. நாவலில் நெருங்கி வந்தது அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’. 1973இல் வந்த அந்நாவல் வன்னியின் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டது. காட்டை வெட்டி வயலாக்கும் இளந்தம்பதியரின் கதையில் பதஞ்சலி என்னும் பெண்ணின் உழைப்பும் மகிழ்ச்சியும் மண்ணின் மணத்தோடு எழுதப்பட்டுள்ளன. தமிழ் வாசகர் அதனைக் கொண்டாடியது தகும். ஆயினும், பதஞ்சலியை ஆசிரியர் காண்பது காட்டின் கள்ளமின்மையாக. தாழப் பறக்கும் பறவையின் பெயர் அவளுக்கு உவமை. அவள் கற்பையும் பேதைமையையும் சோதிக்கும் கதை, அவளும் சேர்ந்து திருத்திய நிலத்தில் அவளுக்கு என்ன உரிமை என்பதைத் தன் பொருளாகக் கொள்ளவில்லை. பெண் இயற்கையாக்கப்பட்டால், இயற்கைக்கு உறுதிப்பத்திரம் எதற்கு என்ற எண்ணம் வாசகர் மனத்தில் தானாகவே குடியேறிவிடும். நல்ல நாவலிலேயே இது நிகழ்கிறது என்பதால்தான் இங்கே குறிப்பிடுகிறோம்.

மகள் ஏன் எழுதவில்லை என்று கேட்பவர்க்கு விடை எளிது. லாராவுக்கு ஒரு பள்ளிக்கூடமும், முதுமையில் ஒரு மேசையும், பதிப்பகத்தை அறிந்த ஒரு மகளும் இருந்தார்கள். உன்னிச்சையின் மகளுக்குக் களையும் தம்பியும் அடுப்பும் இருந்தன. ஆனால் அவள் ஊமையாக இருக்கவில்லை. மட்டக்களப்பின் கவிகளில் காதலும் வயலும் காவலும் வறுமையும் பெண்ணின் குரலிலேயே ஒலிக்கின்றன. அவற்றை ‘நாட்டார் பாடல்’ என்று தொகுத்தவர்கள் பாடியவளின் பெயரைப் பெரும்பாலும் எழுதவில்லை. காணிப் பத்திரத்தில் நேர்ந்ததே ஏட்டிலும் நேர்ந்தது: விளைத்தவள் ஒருத்தி, பெயர் பெற்றவர் வேறொருவர். பாட்டைப் பொதுச்சொத்து என்பது அழகான கொள்கை. ஆனால் அப்பொதுமையில் பெயரிழப்பவர் எப்பொழுதும் உழைப்பவராகவே இருப்பது தற்செயல் அன்று.

வைகாசித் திங்களில் மட்டக்களப்பின் ஊர்கள்தோறும் கண்ணகி அம்மன் குளிர்த்தி நடைபெறும். கோயில்களில் கண்ணகி வழக்குரை படிக்கப்படும். அரசவையில் நின்று தன் பொருளுக்குச் சான்று காட்டி, மன்னனின் தீர்ப்பைப் பிழையென்று மெய்ப்பித்த பெண்ணின் கதையை ஆண்டுதோறும் பயபக்தியோடு கேட்கும் மக்கள் அவர்கள். அக்கதையைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் காணிக்காரரின் மகள் தன் வழக்கை எந்த அவையில் உரைப்பாள்? அவளுக்கு அவை அமைத்துக் கொடுப்பது இலக்கியத்தின் கடமைகளுள் ஒன்று.

அதனைச் செய்யக்கூடியவர்கள் இவ்வேட்டின் வாசகர்களே. படுவான்கரைப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியர்கள், மாணவரிடம் ‘எங்கள் கிராமம்’ என்று கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். பசுமையும் குளிர்காற்றும் நிரம்பிய பத்து வரிகள் வருகின்றன. அதற்கு மாற்றாக, அம்மம்மாவிடம் சென்று கேட்கச் சொல்லுங்கள்: இக்காட்டுக்கு எந்த வயதில் வந்தீர்கள், முதல் ஆண்டு எதை உண்டீர்கள், காய்ச்சலுக்கு யார் மருந்து தந்தார், உங்களுக்கு முன் இங்கே யாருடைய தடம் இருந்தது, இந்தக் காணி இன்று யாருடைய பெயரில் உள்ளது? அவள் சொல்வதை அவள் சொற்களிலேயே எழுதி, அடியில் அவள் பெயரையே இடச் சொல்லுங்கள். பல்கலைக்கழக மாணவர்கள் பெருங்காப்பியங்களுக்கு உரை காண்பதோடு, மூன்றாம் அட்டவணை போன்ற சட்ட வாசகங்களையும் இலக்கியப் பிரதிகளைப் போல் வரிவரியாகப் படிக்கட்டும். மக்களின் வாழ்வை எந்தக் காப்பியத்தையும்விட அதிகமாக வடிவமைத்த எழுத்துக்கள் அவை.

அவ்வாறு திரளும் குறிப்புக்களிலிருந்து ஒரு நாள் நாவல் பிறக்கும். அதில் உழைப்பு அதன் ஒழுங்கோடு இருக்கும். அரசு தந்ததும் அரசு மறுத்ததும் இருக்கும். முன்னிருந்தவரின் காலடித் தடம் அழிக்கப்படாமல் இருக்கும். லாரா எழுதிய நூலைவிட அது உண்மையானதாக இருக்கும். அதன் அட்டையில் காடு வெட்டியவனின் மகளுடைய பெயர், அவள் எழுதிய பெயராகவே, அச்சாகியிருக்க வேண்டும்.